அப்பாவை நிற்க வைத்து அளந்தவர்

இந்த முறை ஊருக்குப் போனபோது முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய இருந்தன. பெரும்பாலானவை தடங்கலின்றி முடிந்துவிட்டதால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுவது, அப்பாவுக்குச் சக்கரம் வைத்த வாக்கர் வாங்கிய அனுபவம் ஒன்றைத்தான்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். நிற்கும்போதே உடம்பு முன்பக்கம் சாய்கிறது. நடக்கத் தொடங்கினால் அடி வைக்கும் தூரம் குறுகிக்கொண்டும் வேகம் கூடிக்கொண்டும் போய், அவரே நினைத்தாலும் நிறுத்த முடியாத ஓட்டமாக மாறிவிடுகிறது. கதவருகில் வந்தாலோ, திரும்ப முற்பட்டாலோ, கால் தரையைவிட்டு எழாமல் அப்படியே நின்றுவிடுகிறது. ஊன்றுகோல் போதாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தூக்கித் தூக்கி வைத்து நடக்கும் சாதாரண வாக்கர் இவரைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு அடியிலும் நடையை உடைத்து, நின்றுபோவதை அதிகமாக்கிவிடக் கூடும் என்பதால், நான்கு சக்கர வாக்கரைப் பார்க்கச் சொன்னார். ஆனால் தானாக முன்னோக்கி ஓடுகிற மனிதரின் கையில் தானாக உருளும் சக்கரத்தைக் கொடுக்கும்போது, பிரேக்கும் உயரமும் சரியாக இல்லையென்றால் வாக்கரே அவரைக் கீழே தள்ளிவிடும். ஆகவே இதைப் பெட்டியோடு வாங்கி வந்து வீட்டில் பிரித்துப் பார்த்துக்கொள்ள முடியாது. வாங்கும் இடத்திலேயே அவர் பிடித்து நடந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான், அவருக்கு எவ்வளவு சிரமமாக இருந்தாலும், காரில் ஏற்றிக் கடைக்கே அழைத்துப் போனோம்.

முதலில் போனது மருத்துவ உபகரணங்கள் மட்டுமே விற்கும் பெரிய கடை. கண்ணாடிக் கதவு, குளிர்சாதன வசதி, வரிசையாக நிறுத்தியிருந்த வாக்கர்கள் எல்லாவற்றையும் பார்த்தபோது, இருபது வருடங்களுக்கு முன் ஊரில் இப்படி ஒரு கடையைக் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது என்று உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அப்பா கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார நாற்காலி கேட்டோம். வரும் என்றார்கள், வரவில்லை. நாற்காலிகள் இல்லாமல் இல்லை, சக்கர நாற்காலிகளே பத்துப் பன்னிரண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தன.

விற்பனையாளர் ஒரு வாக்கரை இழுத்து வந்து நிறுத்தினார். அதன் கைப்பிடிகள் இரண்டின் மீதும் பாலிதீன் உறை இறுகச் சுற்றியிருந்தது. பிரேக் நெம்புகோல்கள், பயணத்தில் ஆடாமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையில் கட்டிய பிளாஸ்டிக் பட்டையோடு அப்படியே இருந்தன. உறையைப் பிரித்து, பட்டையை வெட்டிவிட்டால் அப்பா பிடித்துப் பார்ப்பார் என்று சொன்னேன். "பிரிச்சா எடுத்துக்கணும் சார், ரிட்டர்ன் கிடையாது" என்றார். உயரம் சரியாக இருக்குமா என்று கேட்டதற்கு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார், எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். அதுவரை அவர் அப்பாவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. 136 கிலோ வரை தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததை மட்டும் இரண்டு மூன்று தடவை சுட்டிக் காட்டினார். அப்பாவின் எடை ஐம்பதைத் தாண்டாது என்பது, பார்த்திருந்தால், யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா கவுண்டரை விட்டுவிட்டு வாக்கரைப் பிடித்தார். கை நடுக்கத்தில் பாலிதீன் விடாமல் சலசலத்தது. அவருடைய விரல்கள் அந்த வழுக்கும் உறையின் மேல் நின்றால்தானே? பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் இன்னும் அழுத்தமாகச் சாய்ந்தார், சக்கரங்கள் உருளத் தொடங்கின, பிரேக்கைப் பிடிக்கலாம் என்றால் அது கட்டப்பட்டிருந்தது. தம்பி பின்னாலிருந்து அவருடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்காவிட்டால் அந்த வழவழப்பான தரையில் அவர் முகம் குப்புற விழுந்திருப்பார். அப்போது விற்பனையாளர் சொன்னது, "பாத்து சார், கீறல் விழுந்துடப் போகுது."

அவர் மீது தனிப்பட்ட கோபம் எனக்கு இல்லை. அவரை வேலைக்கு எடுத்தவர்கள் சரக்கைப் பாதுகாக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே தவிர, அதைப் பிடித்து நடக்கப் போகிறவரைப் பாதுகாக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாலிதீன் உறையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு மனிதரின் இடுப்பெலும்பு முறிவதையும் ஒரு குழாயில் கீறல் விழுவதையும் எடை போட்டு, கீறலைப் பெரிதாக நினைக்கிற வழக்கம் அதற்குள் சுற்றிவைக்கப்பட்டிருக்கிறது.

நான் வசிக்கும் நாட்டில் இந்தக் காரியம் நடக்கும் விதமே வேறு. அன்றாடக் காரியங்களை நோயாளி தானே செய்துகொள்ள உதவும் செயல்முறைச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கே வருவார். நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்ப்பார், குளியலறைக் கதவின் அகலத்தை அளப்பார், விரிப்புகளைச் சுருட்டி வைக்கச் சொல்வார், அதன் பிறகுதான் எந்த வகை வாக்கர் என்று எழுதுவார். பார்க்கின்சன் நோயாளிகளுக்கென்றே, நெம்புகோலை அழுத்தினால் மட்டும் சக்கரம் உருண்டு, கையை விட்டவுடன் தானே பூட்டிக்கொள்ளும் வாக்கரை அங்கே பார்த்திருக்கிறேன். சாதாரண வாக்கரில் அழுத்தினால் நிற்கும், இதில் விட்டால் நிற்கும். பதற்றத்தில் எதையும் இறுகப் பிடிக்க மறந்துபோகிற கைகளுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பொருத்தமானது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே குறை இல்லாமலும் இல்லை. அந்தச் சிகிச்சையாளர் வருவதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் விழ வேண்டியவர்கள் விழுந்துவிடுவார்கள். நம் ஊரில் நினைத்த அன்றே கடைக்குப் போகலாம், அன்றே வாங்கிவிடலாம். இந்த வேகத்தோடு அந்தக் கவனமும் சேர்ந்திருந்தால் நம்மை மிஞ்ச யாரும் இருக்க மாட்டார்கள் என்ற ஆதங்கம்தான் என்னை இவ்வளவு எழுத வைக்கிறது.

நமக்கு இந்தக் கவனம் புதிதும் அல்ல. தாத்தாவுக்குக் கைத்தடி செய்யத் தச்சாசாரி வீட்டுக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தாத்தாவைச் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார், கையைத் தொங்க விடச் சொன்னார், மணிக்கட்டுக்கு நேராகக் கம்பில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார், வெட்டினார், திரும்பவும் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு ஒரு விரற்கடை சீவினார். இன்று உலகெங்கும் இயன்முறை மருத்துவர்கள் வாக்கருக்கு அளவெடுப்பதும் அச்சு அசல் இதே முறையில்தான்: வழக்கமாகப் போடும் காலணியோடு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டின் ரேகை எங்கே இருக்கிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும்; பிடித்து நிற்கும்போது முழங்கை ஏறத்தாழ 15 முதல் 30 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். அதைவிட உயரமானால் தோள் தூக்கிக்கொண்டு கையில் பலம் இறங்காது. தாழ்ந்தால் ஏற்கெனவே கூனுகிற முதுகு இன்னும் கூனும்.

இரண்டாவதாகப் போன கடை சின்னது. போகவே எனக்கு மனமில்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்று அப்பாவும் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிதான், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பார்த்துவிட்டே போகலாம் என்றான். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஊழியர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே அப்பாவுக்குப் போட்டார். என்ன வேண்டும் என்று எங்களிடம் கேட்கவில்லை. அப்பாவிடம், "ஐயாவுக்கு எப்ப கஷ்டமா இருக்கு, எழுந்திருக்கும்போதா, திரும்பும்போதா?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல எப்போதும் நேரமாகும். அவர் காத்திருந்தார். மகன்கள் நாங்கள் இருவருமே பல நாட்களாக அந்தப் பதிலுக்குக் காத்திருக்காமல் நாங்களே பேசிவிடுகிறோம் என்பது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது.

பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. வாசலில் சரளைக் கல்லா, சிமென்ட் தளமா என்று கேட்டார். சரளை என்றதும் சின்னச் சக்கர வாக்கர்களை ஒதுக்கிவிட்டு எட்டு அங்குலச் சக்கரம் உள்ளவற்றை மட்டும் முன்னால் இழுத்தார். குளியலறைக் கதவு எவ்வளவு அகலம் என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை, வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவை அளக்கச் சொன்னோம். அறுபது சென்டிமீட்டர். அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த வாக்கரின் அகலம் அறுபத்து மூன்று. பேசாமல் அதைத் தள்ளிவைத்துவிட்டு ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள இன்னொன்றைக் கொண்டுவந்தார். குறுகலான இடம் என்றால் மூன்று சக்கர வாக்கர் எளிதாகத் திரும்புமே என்று கேட்டேன். திரும்பும், ஆனால் பக்கவாட்டில் சாய்ந்தால் தாங்காது, ஐயாவுக்கு வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இயன்முறை மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிப் படித்துப் பார்த்தார். படித்ததோடு அந்த மருத்துவரையே தொலைபேசியில் அழைத்து, பின்சக்கரங்களில் இழுவையைக் கூட்டி வைக்கக் கூடிய வாக்கர் ஒன்று இருக்கிறது, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், அதைத் தரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தார்.

அளவெடுத்ததைச் சொல்ல வேண்டும். அப்பாவைத் தம்பி தாங்கிக்கொள்ள, அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, டேப்பின் நுனியைச் செருப்பின் அடிப்பக்கத்தோடு ஒட்டிப் பிடித்து, மணிக்கட்டு வரை இழுத்தார். எண்பது சென்டிமீட்டர். முந்தைய கடையில் காட்டிய வாக்கரின் பெட்டியில் குறைந்தபட்ச உயரமே எண்பத்தாறு என்று போட்டிருந்தது. எப்படி அட்ஜஸ்ட் செய்தாலும் அது அப்பாவுக்குப் பொருந்தியிருக்காது. இவர் இரண்டு குழாய்களிலும் பொத்தானை அழுத்தி இறக்கி, துளைக்குள் பொத்தான் 'டக்' என்று வெளியே துருத்திக்கொண்டு வரும் வரை திருப்பினார்; வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே துளையில்தான் நிற்கின்றனவா என்று விரலால் எண்ணிப் பார்த்தார்.

அதன் பிறகு அரை மணி நேரத்துக்கும் மேல் அப்பாவுக்குப் பழக்கினார். வாக்கரை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போகக் கூடாது, பின்சக்கரங்களுக்கு இடையில் உடம்பு இருக்க வேண்டும். எழும்போது வாக்கரைப் பிடித்து எழக் கூடாது, நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்த பிறகுதான் பிடிக்க வேண்டும். வாக்கரிலேயே இருக்கும் இருக்கையில் உட்காருவதற்கு முன் இரண்டு நெம்புகோல்களையும் கீழே தள்ளிப் பூட்ட வேண்டும், முடிந்தால் வாக்கரைச் சுவரோடு அணைத்து நிறுத்திக்கொள்ள வேண்டும். என்னையும் தம்பியையும் பார்த்து, "ஐயாவை இதுல உட்கார வச்சுத் தள்ளிக்கிட்டுப் போகாதீங்க, இது சக்கர நாற்காலி இல்லை" என்றார். அங்கே, வெளிநாட்டில், வணிக வளாகங்களில் அப்படித் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்; யாரும் தடுத்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட, முன்னுரிமை தர வேண்டிய 50 உதவிச் சாதனங்களின் பட்டியலில் இந்தச் சக்கர வாக்கரும் இருக்கிறது. இத்தகைய சாதனங்களை வழங்குவோருக்கு அந்த நிறுவனம் தரும் பயிற்சி நான்கு படிகளைச் சொல்கிறது: தேர்வு செய்தல், பொருத்துதல், பயன்படுத்தப் பழக்குதல், பிறகும் தொடர்ந்து கவனித்தல். குளிர்சாதனக் கடையில் இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. இந்த முதியவர் அந்தப் பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம், நான்கையும் செய்தார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, தன் மனைவி பல வருடங்கள் வாக்கரோடு நடந்தவர் என்று மட்டும் சொன்னார். இன்று நாம் பயன்படுத்தும் சக்கர வாக்கரை 1978-ல் உருவாக்கிய சுவீடன் நாட்டுப் பெண் ஐனா விஃபால்க்கும் இளம் வயதிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டு, நடக்கச் சிரமப்பட்டவர்தான். அந்தச் சிரமத்தை உடம்பிலோ வீட்டிலோ அனுபவித்தவர்கள் இந்தப் பொருளைத் தொடும் விதமே தனி.

வாக்கர் வீட்டுக்கு வந்த பிறகு குளியலறைக் கதவில் அது உரசாமல் நுழைகிறது. உள்ளே திரும்பும் இடத்தில் கால் நின்றுபோவது இன்னும் இருக்கிறது. அதற்காகச் சுவரில் பிடிகம்பி அடித்திருக்கிறோம். வாசல் நிலைப்படியைத் தாண்டுவதற்கு, ஒருவர் உடன் நின்று முன்சக்கரத்தைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது, சாய்தளம் போட மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறோம். பிரேக் கேபிள் புதிதில் கொஞ்சம் தளரும், ஐயாவின் கூனலும் மாறலாம், ஒரு மாதம் கழித்துக் கூட்டி வாருங்கள், இரண்டையும் பார்த்துவிடலாம் என்று அந்தப் பெரியவர் சொல்லி அனுப்பினார். நான் திரும்பி வந்துவிட்டேன். தம்பி அழைத்துப் போகிறான். அவன் போகும்போது வாக்கரோடு அப்பாவையும் கட்டாயம் கூட்டிப் போக வேண்டும், வாக்கரை மட்டும் வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று நேற்றும் தொலைபேசியில் சொன்னேன்.