48,500 ரூபாயும் போய், கீசரும் போய்: திருகோணமலை ஆட்கள் ஒருக்கால் வாசியுங்கள்

இரவு முழுக்க நித்திரை இல்லை. நேற்றுப் பின்னேரம் அந்தக் கடையை விட்டு வெளியே வந்தபோது தொடங்கிய கைநடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. 48,500 ரூபாய். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் என் மேலேயே வழக்குப் போடுவார்கள். நகருக்குள் மின்சாரச் சாமான் விற்கிற, பின்பக்கம் திருத்துகிற கொட்டகையும் வைத்திருக்கிற கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகுகிற கீசரை, அதுதான் கரண்டில் தண்ணி சூடாக்குகிற தாங்கியை, திருத்துவதா, புதிது வாங்குவதா என்று எப்படிப் பார்ப்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

திருகோணமலை வெயிலுக்குக் கீசர் எதற்கு, கன்னியாவில் ஏழு கிணற்றுச் சுடுதண்ணி கிடக்கிறதே என்று பகிடி விடுகிறவர்கள், மார்கழி மழையில் விடிய ஐந்து மணிக்கு வந்து எங்கள் தாங்கித் தண்ணீரில் ஒரு வாளி வார்த்துப் பார்க்கட்டும். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். அவருக்காகத்தான் 2017இல் 50 லீற்றர் கீசர் ஒன்று பூட்டினோம். வீடு அலஸ்தோட்டத்தில், கடலுக்குக் கிட்ட. கிணற்றுத் தண்ணீர் மாரியில் பரவாயில்லை, கோடையில் வாயில் வைத்தால் உவர் தெரியும். இந்த உவர் பிறகு கதைக்குள் வரும்.

முதலில் கீசருக்குக் கீழே சுவரில் பழுப்பாக ஒரு கோடு இறங்கியது. துடைத்துவிட்டேன். பிறகு சொட்டுச் சொட்டாக ஒழுகி, இரவில் வைத்த வாளி காலையில் அரைவாசி நிறைந்திருந்தது. அதன் பிறகு கீசரைப் போட்டவுடன் வீட்டு ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற சுவிட்ச்) விழத் தொடங்கியது. கடைக்குப் போய்ச் சொன்னேன், அன்றைக்கே ஒருவரை அனுப்பினார்கள்.

அந்தப் பொடியன் வந்து நின்ற விதத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். கீசரில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, புதுசு எடுக்கிற யோசனையோ?" என்று கேட்டான். அப்படித்தான் நினைத்திருக்கிறேன் என்றேன். "வேண்டாம். புதுசு வித்தா எனக்குத்தான் லாபம். ஆனா உங்களுக்கு இது இன்னும் அஞ்சு வருசம் ஓடும். இந்தத் தகடு இப்ப வாற சாமானில இல்லை" என்றான். அதோடு விட்டானா? அம்மாவிடம் திரும்பி, "எந்தக் கால் அம்மா கூட நோகுது?" என்று கேட்டான். தன் தாய்க்கும் இதே வருத்தம்தான் என்றான். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவன் போன பிறகு, "நல்ல வளர்ப்பு" என்றார்.

தன் லாபத்துக்கு எதிராகக் கதைக்கிற ஒருவனை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த ஒரு வசனத்தில்தான் நான் விழுந்தேன். விலை குறைத்திருந்தால் கூட யோசித்திருப்பேன். தாங்கிக்கு வெல்டிங், புது எலிமெண்ட் (தண்ணியைச் சூடாக்குகிற கம்பி), புது தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துகிற சாமான்), கூலி எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். காசாகக் கொடுத்தேன். பில் என்று தந்தது கொப்பியில் கிழித்த ஒரு ஒற்றை. கடைப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. நான் அதைப் பார்க்கக்கூட இல்லை.

நாலு நாளில் கொண்டுவந்து பூட்டினான். சுடுதண்ணி வந்தது. ட்ரிப் சுவிட்சும் விழவில்லை, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். 12 நாள். பதின்மூன்றாம் நாள் காலையில் அதே இடத்தில் அதே பழுப்புக் கோடு.

அதே ஆள் வந்தான். இந்த முறை கீசரைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை. "உள் தாங்கி உக்கிப் போச்சு அண்ணை, இனிச் சரிவராது." ஐந்து வருடம் என்றீரே என்று கேட்டேன். "உள்ளுக்க இருக்கிறது எனக்கென்னெண்டு தெரியும், நான் என்ன டொக்டரோ" என்று சிரித்தான். பிறகு குரலைத் தணித்து, புதுக் கீசர் 62,000, அதில் நீங்கள் தந்த 18,500 ரூபாயைக் கழித்துத் தரச் சொல்லி முதலாளியிடம் கதைத்துவிட்டேன், 30,000 அட்வான்ஸ் தாருங்கள், மிச்சம் 13,500 பூட்டும்போது போதும் என்றான்.

கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. கொடுக்காவிட்டால் அந்த 18,500 போய்விடுமே என்று பயம், அவ்வளவுதான். பழைய கீசரையும் "இடம் அடைக்கும்" என்று கழற்றி ஏற்றிக்கொண்டு போனான். ஆக 48,500 ரூபாய், கீசர் வேறு.

அதன் பிறகு அலைச்சல். முதல் கிழமை கொழும்பு லொறி வரவில்லை. அடுத்த கிழமை லொறி வந்ததாம், ஆனால் 30 லீற்றர் கீசர்தான் வந்ததாம். பிறகு முதலாளி மட்டக்களப்புக்குப் போய்விட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நீலச் சரி விழும், பதில் விழாது. காலை பத்தரைக்குப் போனால் கவுண்டரில் இருக்கிற பிள்ளை "அவர் சாப்பிடப் போயிட்டார்" என்கிறது. பின்னேரம் நாலரைக்குப் போனாலும் சாப்பிடத்தான் போயிருக்கிறார். அப்படி என்ன சாப்பாடோ! அந்தப் பிள்ளையோடு எனக்குக் கோபமில்லை, சொல்லச் சொன்னதைச் சொல்கிறது. ஒருநாள் எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் நின்றேன். கொட்டகைக்குள் அவன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிட்டப் போகப் பின்வாசலால் போய்விட்டான்.

நேற்று முதலாளியையே பிடித்தேன். ஒற்றையை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில எங்கட கடைப் பெயர் எங்க இருக்கு? அவன் எங்கட ஆளில்லை ஐயா, கமிஷனுக்கு நிக்கிறவன்" என்றார். உங்கள் கடையில் இருந்துதானே அனுப்பினீர்கள் என்றேன். "ஆர் அனுப்பினது?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த ஆளுக்கு மின்குமிழ் கொளுவிக் காட்டத் தொடங்கிவிட்டார். 48,500 ரூபாய்க்கு அவர் தந்த நேரம் இரண்டு நிமிடம் இருக்காது.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு கூட எழுதியிருக்க மாட்டேன். இரவு பக்கத்து வீட்டு அக்கா பாலையூற்றில் இருந்து பைப் வேலை செய்கிற ஒரு வயதான பாஸைக் கூட்டிவந்தார். அவர் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றார். "எர்த் கம்பியை ஆர் தம்பி வெட்டினது?" கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோகிற அந்தப் பச்சைக் கம்பி வெட்டி, டேப் சுற்றி, உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. கரண்ட் கசிந்து எர்த்துக்குப் போவதால்தான் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது. கசிவைத் திருத்தாமல் கம்பியை வெட்டியிருக்கிறான். கரண்டுக்குப் போக வழியில்லை, சுவிட்சும் விழவில்லை. "இனி ஒராள் தொட்டால்தான் விழும். விழுந்தால் நல்ல காலம்" என்றார் பாஸ். அந்த 12 நாளும் அம்மா அதற்குக் கீழே நனைந்த நிலத்தில் நின்று குளித்திருக்கிறார். "நல்ல வளர்ப்பு" என்று சொன்ன அதே அம்மா.

கீசரின் படத்தைப் போனில் காட்டினேன். பழுப்புக் கோட்டைப் பார்த்தவுடனேயே தலையை ஆட்டினார். இப்படியான கீசரில் உள் தாங்கி இரும்பு, அதன் உட்புறம் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. உள்ளே ஒரு மக்னீசியக் கம்பி நிற்கும், தாங்கிக்குப் பதிலாக அது கரைந்துபோகும். உவர்த் தண்ணீரில் கெதியாகக் கரையும். அது முடிந்தால் தண்ணீர் தாங்கியைத் தின்னத் தொடங்கும். வெளியில் இருந்து வெல்டிங் பிடித்தால் சூட்டில் உட்பூச்சும் போய், ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. "வெல்டிங் பிடிச்ச அண்டைக்கே அது செத்துப்போச்சு" என்றார். எட்டு வருடத்தில் அந்தக் கம்பியை ஒருதரம் கூட நான் மாற்றவில்லை; அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அவர் காசு வாங்க மறுத்தார், 1,000 ரூபாயைச் சட்டைப்பைக்குள் திணித்து அனுப்பினேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. சுருக்கமாக: எங்கே ஒழுகுகிறது என்று கீழ் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பைப் மூட்டிலோ எலிமெண்ட் பூட்டுகிற இடத்து ரப்பர் வளையத்திலோ என்றால் திருத்தலாம், பெரிய செலவில்லை. தண்ணீர் சூடாகும்போது மட்டும் சேஃப்டி வால்வு கொஞ்சம் சொட்டினால் பயப்பட வேண்டாம், சூட்டில் தண்ணீர் விரிவதால் அப்படி வரும். தாங்கி உடம்பே கசிந்து பழுப்புத் தண்ணி வந்தால் ஒரு சதமும் செலவழிக்காதீர்கள், புதிதுதான். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கீசரைத் தொடவே வேண்டாம், மெயினை நிறுத்துங்கள். கடைப் பெயர் இல்லாத ஒற்றைக்குக் காசு கொடுக்காதீர்கள். பழைய சாமானை விடாதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு இன்றைக்குக் காலை எடுத்துச் சொன்னேன். எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கொப்பி ஒற்றையைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், வேறு ஒன்றும் கையில் இல்லை. இதே கடையில், இதே "புதுசு வேண்டாம் அண்ணை" கதை கேட்டு ஏமாந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்து போவோம்.

கேத்தல் கொதிக்கிறது. அம்மாவுக்குத் தண்ணி கலக்க வேண்டும்.