லண்டனிலிருந்து பிரான்சின் போர்தோ: நேரடி விமானமா, ரயிலா?

லண்டனின் கேட்விக் விமான நிலையத்திலிருந்து விமானத்தில் சுமார் 1 மணி 40 நிமிடம்தான். ஆனால் 2 மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். இறங்கியதும் குடிவரவு வரிசை, பிறகு நகருக்கு டிராமில் ஏறக்குறைய 40 நிமிடம். கேட்விக் போகும் நேரத்தையும் சேர்த்து எல்லாம் கூட்டினால் சுமார் 6 மணி நேரம்.

ரயிலில் பாரிஸுக்கு 2 மணி 20 நிமிடம், அங்கிருந்து டிஜிவி என்ற பிரெஞ்சு அதிவேக ரயிலில் 2 மணி 5 நிமிடம். சிக்கல் நடுவில்தான்: பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கி மோன்பர்னாஸ் நிலையத்தில் ஏற வேண்டும். 4ஆம் எண் மெட்ரோ நேரே போகும். ஆனாலும் 90 நிமிட இடைவெளி வையுங்கள். டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கி, முதல் ரயில் தாமதித்தால் அடுத்தது வீணாகலாம். பிரெஞ்சு கடவுச்சீட்டுச் சோதனை லண்டனிலேயே முடிவது பெரிய நிம்மதி.

கைப்பையோடு இரண்டு நாள் என்றால் விமானம். பெரிய பெட்டிகள் இருந்தால் ரயிலே மேல். போர்தோவின் சென்-ழான் ரயில் நிலையத்திலிருந்து சி டிராம் ஆற்றோரமாகவே பழைய நகரில் இறக்கிவிடும்.