கே.எல். நம்பர் ஆர்15 வாங்கப் போகிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

செங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடிய யமஹா ஆர்15 ஒன்று நிற்கிறது. 2013 மாடல், வெர்ஷன் 2, கேரளப் பதிவு (கே.எல். நம்பர்) பைக். தம்பி முதல் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணத்தோடு நான் கொஞ்சம் போட்டு, 64,000 ரூபாய்க்குப் போன ஆனி மாதம் வாங்கினோம். ஒரு மாதம்கூட முழுதாக ஓட்டவில்லை. அதற்குள் தம்பியின் காரை எலும்பு உடைந்தது. வண்டி இன்னும் எங்கள் பெயருக்கு மாறவில்லை.

வாங்கிய கடை புளியரை செக்போஸ்ட் தாண்டி, கொல்லம் ரோட்டில், தென்மலைக்கும் அப்பால் இருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் விலை குறைவு என்று அந்த ரோட்டில்தான் வண்டி தேடிப் போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியை முதலில் பார்த்தபோது எனக்கே பிடித்துவிட்டது. உடம்பு முழுக்க மேட் கருப்பு ஸ்டிக்கர், டேங்கில் கார்பன் டிசைன், குட்டையான சைலன்சர், கீழே இறக்கி மாட்டிய ஹேண்டில், பின்னால் 140 டயர், மட்கார்டை வெட்டி எடுத்து ஒட்டிக்கொண்டிருந்த சின்ன நம்பர் பிளேட். கண்ணாடி இரண்டும் இல்லை. ஸ்டார்ட் செய்ததும் தம்பியின் முகம் மாறிய விதத்தைப் பார்த்தேன். கடைக்காரரும் பார்த்திருப்பார். நல்ல தமிழில்தான் பேசினார். "தம்பி, இதுல போட்டிருக்கிற ஐட்டம் மட்டுமே இருபதாயிரத்துக்கு மேல வரும். இன்ஜின் போர் பண்ணி, பிஸ்டன் மாத்தி புதுசா இருக்கு. மீட்டரைப் பாருங்க, இருபத்து மூணாயிரம்தான் ஓடியிருக்கு."

நான் பார்த்தேன், நம்பினேன். முன்பணம் 20,000 ரூபாயை அங்கேயே ஜிபே செய்தேன். பில் கேட்டதற்கு, முழுப் பணமும் கொடுத்த பிறகு தருவதாகச் சொன்னார். கடைசி வரை தரவில்லை.

ஆடிச் சாரல் நேரம். தம்பி ஆரியங்காவிலிருந்து இறங்கி வரும்போது புளியரை எஸ் வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தான். வேகம் முப்பத்தைந்துக்கு மேல் இல்லை என்கிறான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரரும் அதையேதான் சொன்னார். ஆறு வாரம் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தான். அம்மா தினமும் அந்த வண்டியைப் பார்த்து அழுதாள்.

அப்புறம்தான் தென்காசியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை. அண்ணாச்சி முதலில் ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். கீழே இருந்தது கம்பெனி ஃபேரிங் (வண்டியை மூடும் பக்கவாட்டு உறை) இல்லை, லோக்கல் ஃபைபர். மாட்டும் காதுகள் மூன்று இடத்தில் உடைந்து, கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஃபேரிங்கைக் கழற்றினால், ரேடியேட்டரின் ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. உள்ளே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லை. குழாய்த் தண்ணீர், காப்பி நிறத்தில் துருவோடு வந்தது. அதன் ஃபேனுக்குத் தனியாக ஒரு சுவிட்ச் வைத்து, அதை ரேஸ் சுவிட்ச் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். ஃபேன் தானாக ஓடாததால் வைத்த சுவிட்ச் அது.

ஹேண்டில் விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் டியூப் இரண்டையும் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டிக் காட்டினார். வலது டியூப் தாண்டித் தாண்டி உருண்டது. எங்கேயோ பலமாக இடித்த வண்டி. லேத்தில் கொடுத்துப் பெண்டு எடுத்திருக்கிறார்கள், அதுவும் முழுதாக எடுபடவில்லை. இந்த மாதிரி ஹேண்டிலில் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஃபோர்க்கில் கடிக்கும். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் திருப்பி இறுக்கிவிட்டால், சக்கரம் கோணலாக இருந்தாலும் ஓட்டுகிறவன் கைக்கு நேராகப் போவது போலத் தெரியும். அப்படித்தான் செய்திருந்தார்கள். ஒரு வண்டியின் முன்பக்கம் கோணல் என்று தெரிந்தே, அதை மறைத்து, அதில் என் தம்பியை ஏற்றி மலைப்பாதையில் அனுப்பியிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பின் டயர் பளபளவென்று இருந்தது, பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் வரிகள்) நன்றாக இருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்களுடையதில் 3116, அதாவது 2016-ம் வருடத்து 31-வது வாரம். கருப்பு பாலிஷ் போட்ட பழைய கல். ஈரத்தில் அது எங்கே பிடிக்கும்? கம்பெனி கொடுப்பது 130/70 ரேடியல். தடிமனாகத் தெரிய வேண்டும் என்று அதை மாற்றி, எங்கோ கிடந்த 140-ஐ மாட்டியிருக்கிறார்கள்.

போர் விஷயத்தை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியதாகச் சொன்னதைக் கேட்டதும் அண்ணாச்சி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். ஆர்15 வெர்ஷன் 1, 2 இரண்டிலும் இருப்பது டயாசில் என்று யமஹா சொல்லும் முழு அலுமினிய சிலிண்டர். சிலிக்கான் அதிகம் கலந்து வார்த்தது. உள்ளே இரும்பு ஸ்லீவ் (உள் உறை) கிடையாது. பல்சரையும் ஸ்பிளெண்டரையும் போல லேத்தில் கொடுத்து ஒரு சுற்றுக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு ஓட்டுகிற பிளாக் இல்லை. தேய்ந்தால் பிளாக்கையே மாற்ற வேண்டும் என்பதுதான் முறை. ஆகவே யாராவது "ஆர்15 போர் பண்ணியிருக்கு" என்று பெருமையாகச் சொன்னால், ஒன்று பொய், இல்லை பிளாக்கைக் கெடுத்து ஸ்லீவ் இறக்கியிருக்கிறார்கள். எங்களுடையதில் இரண்டாவது. ஆயில் குடித்ததற்கும் காலையில் நீலப் புகை விட்டதற்கும் காரணம் அதுதான். குட்டை சைலன்சரின் சத்தத்தில் இன்ஜினுக்குள் கேட்ட தட்டல் எதுவும் எங்கள் காதுக்கு எட்டவில்லை.

மீட்டர் வேறு வண்டியுடையது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டபோது, 2019-ல் கடைசியாக வந்ததாகவும் அப்போதே 58,000 கிலோமீட்டர் ஓடியிருந்ததாகவும் சொன்னார்கள்.

சரி, இனி பேப்பருக்கு வருகிறேன். கடைக்காரர் ஆர்.சி.யும், பெயர் மாற்றத்துக்காகப் பழைய ஓனர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30-ம் கொடுத்தார். கேரள வண்டியைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற ஃபார்ம் 28, அதாவது என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வேண்டும். "பதினஞ்சு நாள்ல வாங்கித் தர்றேன் தம்பி" என்றவர், பிறகு சர்வர் என்றார், ஓணம் லீவு என்றார், பிறகு போனையே எடுக்கவில்லை. நானே வண்டி நம்பரைப் பரிவாகன் தளத்தில் போட்டுப் பார்த்தேன். பிளாக்லிஸ்ட். ஐந்து சலான் பாக்கி: சைலன்சர் மாற்றியதற்கு ஒன்று, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டிக் கேமராவில் சிக்கியது நான்கு. கேரளாவில் 2023 ஜூன் 5 முதல் அந்தக் கேமராக்கள் அபராதம் போடுகின்றன. நான்கும் வண்டி கடைக்காரரிடம் நின்ற நாட்களில் விழுந்தவை. இதையெல்லாம் கட்டி முடிக்காமல் என்.ஓ.சி. நகராது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும், பைசா செலவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நான் அதைச் செய்யவில்லை.

சைலன்சர் சலானைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், மாற்றிய ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றியது முந்தைய ஓனர்தான் என்று ரோட்டில் நின்று நிரூபிக்க முடியாது. ஆகவே மாடிஃபை செய்த வண்டி பிடித்திருந்தாலும், கழற்றிய கம்பெனி சாமான் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். சைலன்சர், கண்ணாடி, மட்கார்டு, ஹேண்டில், சேலை கார்டு. இல்லை என்றால், அவற்றை வாங்கும் செலவை விலையில் கழித்துப் பாருங்கள். எங்கள் வண்டியின் உண்மையான விலை அப்படிப் பார்த்தால் முப்பதாயிரத்தைத் தாண்டாது என்றார் அண்ணாச்சி.

இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்கும் கடைக்குப் பதிவு அதிகாரி கொடுத்த சான்று வேண்டும். அது ஃபார்ம் 29பி. ஓனரிடமிருந்து வண்டி கைக்கு வந்ததும் 29சி வழியாகத் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு வண்டிக்குக் கடைக்காரரே பொறுப்பு. இந்தக் கடையில் அந்தச் சான்றைக் கேட்டபோது, சுவரில் மாட்டியிருந்த வேறு ஏதோ லைசென்ஸைக் காட்டினார்.

கடைசியில் ஆர்.சி.யில் இருந்த விலாசத்தைத் தேடி நானே பழைய ஓனர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அந்தச் சேட்டன் என்னை உட்காரவைத்துச் சாயா கொடுத்துவிட்டு, தன் போனில் குவிந்து கிடந்த சலான் மெசேஜ்களைக் காட்டினார். வண்டியைக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். ஃபார்மில் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாறிவிட்டது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனி சைலன்சரையும் கண்ணாடியையும் ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறார்; அதை அவர்கள் தனியாக விற்றுவிட்டார்கள். அவர் கையில் இருந்தவரை வண்டி எங்கும் இடிக்கவில்லை என்றார். நான் நம்புகிறேன்.

புளியரையில் தம்பி விழுந்ததைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அந்த இடத்தில் வேறு யாராவது அடிபட்டிருந்தால், வழக்கு அவர் மேல்தான் போயிருக்கும். விற்ற பிறகும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும் நம் ஊர்க்காரர்களும் இதைக் கவனியுங்கள்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறோம். சைலன்சர் சலானை அவர் கட்டினார், கேமரா சலான்களை நான் கட்டினேன். அந்த ரசீதுகளையும் ஜிபே விவரத்தையும், அண்ணாச்சி எழுதிக் கொடுத்த அறிக்கையையும், கழற்றும்போது எடுத்த போட்டோக்களையும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன். கடை கேரளாவில் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். எனக்கும் அங்கேதான் முதலில் வழி சொன்னார்கள்.

என்.ஓ.சி.க்குப் போன வாரம் சேட்டன் விண்ணப்பித்துவிட்டார். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் வண்டிக்கு அங்கே புது நம்பர் வாங்கியாக வேண்டும். எங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் கம்பெனி சைலன்சர் ஒன்றும் ஃபோர்க் செட்டும் தேட வேண்டும். தென்காசி, திருநெல்வேலி பக்கம் வெர்ஷன் 2 சாமான் நேரான நிலையில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன்.