நாள் கூலியா, அடிக்கணக்கா?

வேலூர் சத்துவாச்சாரியில் பழைய வீட்டுச் சுவரைக் கொத்திப் பூச ஆள் தேடியபோது மேஸ்திரி முதலில் கேட்டது: "நாள் கூலியா சார், அடிக்கணக்கா?"

அடிக்கணக்கில் வேலை பறக்கும். 100 சதுர அடி ஒரு சதுரம் என்று அளந்து காசைக் கொடுத்துவிடலாம். புதுச் சுவருக்கு அதுதான் லாபம். ஆனால் ஜன்னல் இடத்தைக் கழிப்பதா, குப்பை அள்ளுவது யார் கணக்கு என்று முன்பே பேசாவிட்டால் கடைசி நாளில் சண்டைதான்.

பழைய வீட்டுக்கு நாள் கூலிதான் என் கட்சி. தட்டிப் பார்த்தால் 'டொக் டொக்' என்கிற பூச்சு எவ்வளவு உதிரும் என்று யாருக்குத் தெரியும்? கொத்தனாருக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி, டீச்செலவு தனி. வேலூர் வெயிலில் மதியத்துக்கு மேல் கரண்டி மெதுவாகத்தான் நகரும், சரி. ஆனால் பூசுவதற்கு முன் சுவரை நன்றாக நனைக்கப் பொறுமை இருக்கும். நனைக்காவிட்டால் கலவையின் ஈரத்தைச் செங்கல் குடித்துவிடும். அப்புறம் பூச்சு வெடிக்கும்.