ஸ்பெக்ட்ரமுக்கு டிவ்எம்எம்சி கிட்: போர்டு அருமை, கனெக்டர் ஆபத்து

சின்க்ளேர் நிறுவனத்தின் 1980-களின் வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமை, 48கே நினைவகம் உள்ள மாடலாக, வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்த விமர்சனம். கேசட்டுக்குப் பதிலாக எஸ்டி கார்டிலிருந்து கேம்களை ஏற்றித் தரும் டிவ்எம்எம்சி போர்டை, நாமே சால்டர் செய்துகொள்ளும் கிட்டாக வாங்கினேன். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் வந்த கையோடு மெஷினில் மாட்டிவிடாதீர்கள்.

பொடிப்பொடிக் கால்கள் உள்ள ஐசிகள் எல்லாம் ஏற்கெனவே ஒட்டப்பட்டே வருகின்றன. மெஷினின் பின்னால் செருகும் எட்ஜ் கனெக்டர், ஜாய்ஸ்டிக் சாக்கெட், பட்டன்கள், வசதிகளை இயக்கவோ அணைக்கவோ உதவும் ஜம்பர்கள்தான் நம் வேலை. சால்டரிங் ஓரளவு பழகியவருக்கு ஒரு மாலை நேரம் போதும். போர்டின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் கனெக்டரில்தான். ஸ்பெக்ட்ரமின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் போர்டு விளிம்பில் பக்கத்துக்கு 28 இடங்கள். ஐந்தாவது இடத்தில் ஒரு வெட்டு. கனெக்டரில் அதே இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தால், தள்ளி மாட்ட நினைத்தாலும் முடியாது. இந்தக் கிட்டில் அந்தத் துண்டைக் காணோம். விளிம்பின் கீழ்ப்பக்கத்தில் மூன்றாவது இடம் 5 வோல்ட், அதை ஒட்டிய நான்காவது 9 வோல்ட். ஒரே ஒரு இடம் நகர்ந்து உட்கார்ந்தால் 5 வோல்ட்டுக்கான பின்னில் 9 வோல்ட் ஏறிவிடும். காசைப் பிடிக்க எத்தனையோ இடம் இருக்க, இதில் போயா பிடிப்பது? நான் கனெக்டரின் ஐந்தாவது இடத்துப் பின்களைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் ஒன்றைச் செருகி ஒட்டிக்கொண்டேன்.

அடுத்தது மெஷின். என்னுடையது திரை முழுக்கச் செங்குத்துக் கோடுகளோடுதான் வந்தது. இந்த மெஷினில் முதல் 16கே நினைவகம் 4116 என்ற வகை ஐசிகள் எட்டு. அவற்றுக்கு +5, +12, -5 என மூன்று மின்னழுத்தமும் வேண்டும். பின்னவை இரண்டையும் 9 வோல்ட்டிலிருந்து ஒரு கம்பிச்சுருளும் டிஆர்4 என்ற டிரான்சிஸ்டரும் சேர்ந்து தயாரிக்கின்றன. பவர் ஓடும்போதே யாராவது பின்னால் எதையாவது செருகினால் முதலில் போவது இந்த டிஆர்4; -5 நின்றதும் 4116கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போடும். என் மெஷினில் நடந்திருந்ததும் அதுதான். டிஆர்4-ஐ மாற்றி, செத்த ஐசிகளைக் கழற்றி, அந்த இடங்களில் சாக்கெட் போட்டேன். 5 வோல்ட் மட்டுமே கேட்கும் மாற்று நினைவகப் போர்டுகளும் இப்போது கிடைக்கின்றன. அதைப் போட்டாலும் 12 வோல்ட்டைச் சரிசெய்யாமல் தப்ப முடியாது, வண்ணப் படத்தைக் கவனிக்கும் எல்எம்1889-க்கு அது வேண்டும். (மேல் 32கே-வில் இருப்பவை, ஒரு பாதி பழுதான 64கே ஐசிகள், நல்ல பாதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். சின்க்ளேரின் சிக்கனம் இன்றும் எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது.)

9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டரையும் மறந்துவிடாதீர்கள். 9 வோல்ட்டில் மிஞ்சுவதை எல்லாம் அது வெப்பமாகவே எரிக்கிறது. புது போர்டும் அதே 5 வோல்ட்டில்தான் கை வைக்கும். அதனால் அந்த இடத்தில் அவ்வளவாகச் சூடாகாத ஸ்விட்சிங் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டேன். இப்போது கீபோர்டு சுடுவதில்லை. எல்லாம் முடிந்ததும் மெஷினின் பேசிக் மொழியில் பிரிண்ட் பீக் 23732 + 256 * பீக் 23733 என்று அடித்துப் பாருங்கள். 65535 வந்தால் 48கே-வும் உயிரோடு இருக்கிறது. 32767 என்றால் மேல் 32கே-வில் கோளாறு.

சரி, மாட்டியாயிற்று. இனி சுகம்தான். கேசட்டில் ஐந்து நிமிடம் போல இழுக்கும் கேம் இங்கே கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. போர்டில் உள்ள என்எம்ஐ பட்டனை (ஓடுவதை இடைமறிக்கும் பட்டன்) அழுத்தினால் கோப்புப் பட்டியல் வரும், தேர்ந்தெடுத்தால் போதும். இதன் சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடித்தது: மெஷினின் நிரந்தர நினைவகமான ரோமில் டேப் படிக்கும் பகுதியின் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு அதன் பிராசசரான இசட்80 வந்ததும், போர்டு தன் சொந்த நினைவகத்தை ரோமின் இடத்தில் நுழைத்துவிடும். டேப்பிலிருந்துதான் வருகிறது என்று மெஷின் நம்பிக்கொண்டிருக்கும். ரோமைக் கேட்காமல் தானே டேப்பைப் படிக்கும் வேக லோடர் உள்ள கேம்களிடம் இந்த வித்தை பலிக்காது. அவற்றை ஸ்னாப்ஷாட் கோப்பாக (ஏற்றி முடிந்த நினைவகத்தை அப்படியே சேமித்த கோப்பு) வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே வந்த ஒற்றைத்தாள் குறிப்பில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. போர்டில் பதிந்துள்ள, கார்டைக் கையாளும் மென்பொருளான இஎஸ்எக்ஸ்டாஸின் பதிப்பும் கார்டில் உள்ள சிஸ்டம் கோப்புகளின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு வேலை செய்யாது. புதிதாக வாங்குபவர் போர்டே பழுது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

ஜாய்ஸ்டிக், ஸ்பெக்ட்ரமில் பரவலான கெம்ப்ஸ்டன் வகை; மெஷின் அதைப் படிக்கும் முகவரி போர்ட் 31. ஏற்கெனவே வேறு கெம்ப்ஸ்டன் இன்டர்ஃபேஸ் மாட்டியிருந்தால் இரண்டும் ஒரே முகவரியில் மோதும். இதில் உள்ளதை அணைக்க ஜம்பர் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு யோசித்தவர்கள் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டையும் கிட்டோடு வைத்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். இப்போதைக்கு நான்கு.