அமெரிக்கா, ஜெர்மனி, சிங்கப்பூர், ஹாங்காங்: குழந்தை பார்க்கும் வேலைக்கு எந்த வழி?

வெளிநாட்டில் குழந்தை பார்க்கும் வேலை என்று விசாரித்தால் ஏஜென்ட் வாயில் முதலில் வருவது சம்பளக் கணக்கு. நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு. அந்த வீட்டில் ஒத்துவராமல் போனால் விசா என்ன ஆகும்? வேலையும் படுக்கையும் சாப்பாடும் ஒரே கூரைக்குள் இருப்பதால் வேலை போகும் நாளில் தங்குமிடமும் சேர்ந்தே போகிறது. இதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் சம்பளத்தைப் பார்க்க வேண்டும்.

முதலில் 'ஓ-பேர்' என்ற ஏற்பாடு. இது கலாசாரப் பரிமாற்றத் திட்டம். ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, மொழியோ பாடமோ படிக்கலாம். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஒரே பெயர், ஆனால் சட்டம் வேறு வேறு.

அமெரிக்காவில் ஜே-1 விசா. வயது 18 முதல் 26 வரை. அரசு அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் வழியாக மட்டுமே போக முடியும். வேலை ஒரு நாளுக்கு 10 மணி நேரத்தையும், வாரத்துக்கு 45 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, மாதம் ஒரு முழு வாரக்கடைசி, வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. கையில் வருவது வாரம் 195.75 டாலர். இது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது: கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 45 மணிக்கு 326.25. அதில் தங்குமிடம், சாப்பாட்டுக்காக 40 சதவீதம் கழித்தால் 195.75. இது குறைந்தபட்சம்தான், உச்சவரம்பு இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓ-பேர்களுக்கும் மாநிலக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் எந்த மாநிலம் என்பது சம்பளத்தையே மாற்றிவிடும். படிப்புச் செலவுக்குக் குடும்பம் 500 டாலர் வரை தர வேண்டும். இந்த வருமானத்துக்கு அங்கே வரிக் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலைத் தேர்ச்சி வேண்டும். வேலை ஒரு நாளுக்கு 6 மணி, வாரத்துக்கு 30 மணி. பெற்றோர் இரவில் வெளியே போகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் இந்த 30-க்குள் அடக்கம். கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்குத் தனியாக 70 யூரோ. காப்பீட்டுச் செலவு குடும்பத்துடையது. ஆறு மாதத்துக்குக் குறையாமலும் ஒரு வருடத்துக்கு மிகாமலும் இருக்கலாம். பலர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாக இல்லாமல் பேச்சுமொழியாக மட்டும் இருந்தால், அந்தப் பெற்றோரும் ஓ-பேரும் ஒரே நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டிருக்கக் கூடாது. தெரிந்த குடும்பம், நம் மொழி பேசுகிறவர்கள் என்று நம்பி விண்ணப்பித்தவர்களின் கோப்பு நிராகரிக்கப்படுவது இதனால்தான். உறவினர் வீடும் ஆகாது.

இந்த இரண்டையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காலை 6.30 முதல் 8.30 வரை குழந்தைகளை எழுப்பிக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது. மாலை 3 முதல் 8 வரை அழைத்து வந்து, வீட்டுப்பாடம், குளியல், சாப்பாடு. ஒரு நாளைக்கு 7 மணி, ஐந்து நாளுக்கு 35. சனி மாலை 6 முதல் 11 வரை பெற்றோர் வெளியே போனால் 40. ஜெர்மனியில் இது திங்கட்கிழமையே சட்டத்தை மீறிவிடுகிறது, ஏனென்றால் அங்கே நாளுக்கு 6 மணிதான். அமெரிக்காவில் செல்லும். ஆனால் அந்த வாரம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை என்றால், நாளுக்கு 10 மணி வரை வேலை கொடுத்தாலே கூட 6 மணி சேர்ந்து 46 ஆகிவிடும். வரம்பு மீறுவது பெரும்பாலும் இப்படி ஒரு மணி, அரை மணியாகத்தான். குழந்தை தூங்கும் நேரத்தைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் பொறுப்பாக நீங்கள் மட்டும் இருந்தால் அதுவும் வேலை நேரமே. தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். தகராறு வந்தால் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

கைக்குழந்தை உள்ள வீடு என்றால் அமெரிக்க விதி கறாரானது. மூன்று மாதம் நிறையாத குழந்தையைப் பெற்றோரோ பொறுப்பான வேறு பெரியவரோ உடனில்லாமல் ஓ-பேரிடம் விடக் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால், அந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்த 200 மணி நேர அனுபவத்துக்கு எழுத்துச் சான்று வேண்டும். இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது: குடும்பத்தோடு பேசி முடிவாகும் நாளில் அந்த வீட்டுத் தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை, நீங்கள் போய் இறங்கும்போது பிறந்திருக்கும். 'இரண்டு பிள்ளைகள்' என்று சொன்ன வீட்டில் மூன்று இருப்பார்கள். குழந்தைகளின் வயதைக் கேட்கும்போது நீங்கள் போய்ச் சேரும் தேதியில் என்ன வயது என்று கேளுங்கள்.

ஒத்துவராவிட்டால்? அமெரிக்காவில் ஸ்பான்சர் நிறுவனம் வேறு குடும்பம் தேடித் தரும், ஆனால் அதற்கான அவகாசம் குறைவு. பெரும்பாலும் இரண்டு வாரம் என்பார்கள். ஜெர்மனியிலும் குடும்பம் மாறலாம், வெளிநாட்டினர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஆனால் மொத்தக் காலம் அதே ஒரு வருடம்தான்.

சிங்கப்பூரும் ஹாங்காங்கும் வேறு வகை. அங்கே இது வீட்டுப் பணியாளர் வேலை. குழந்தையோடு சமையல், துடைப்பது, துவைப்பது எல்லாம் சேர்ந்தே வரும். இரண்டு இடத்திலும் தினசரி வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு கிடையாது. ஓ-பேருக்கும் இதற்கும் உள்ள பெரிய இடைவெளி இதுவே.

சிங்கப்பூரில் முதன்முறை போகிறவர் 23 முதல் 50 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 8 ஆண்டு பள்ளிப் படிப்பு வேண்டும். வாரம் ஒரு ஓய்வு நாள். அதில் வேலை செய்யச் சம்மதித்தால் ஒரு நாள் கூலி கூடுதலாகத் தர வேண்டும். ஆனால் 2023 ஜனவரியிலிருந்து, மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைக் கட்டாயம் விட வேண்டும், பணம் கொடுத்துக்கூட அன்று வேலை வாங்க முடியாது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் இல்லை. அங்குள்ள ஏஜென்ட் வாங்கும் கட்டணம் ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். முதலாளி கட்டும் 5,000 சிங்கப்பூர் டாலர் பிணைத்தொகையை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு, கர்ப்பம் என்று தெரிந்தால் வேலை போய்விடும். உயரமான அடுக்குமாடிகளில் ஜன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொன்னால், கம்பிக் கதவு பூட்டியிருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பணிப்பெண்கள் விழுந்து இறந்ததால் 2012-ல் வந்த விதி அது. தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் நடுவில் வேறு வீட்டுக்கு மாற, பொதுவாக இப்போதைய முதலாளியின் சம்மதம் வேண்டும். இந்த வழியின் மிகப் பலவீனமான இடம் இதுதான்.

ஹாங்காங்கில் எல்லோருக்கும் ஒரே அரசு ஒப்பந்தப் படிவம், இரண்டு ஆண்டு. 2025 செப்டம்பர் 30 முதல் கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,100 ஹாங்காங் டாலர். சாப்பாடு இல்லையென்றால் அதற்குத் தனிப்படி. போகவர டிக்கெட்டும் மருத்துவச் செலவும் முதலாளியுடையது. ஏஜென்ட் கமிஷன் முதல் மாதச் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. படிவத்தோடு இணைந்த பட்டியலில் வீட்டின் பரப்பு, உங்களுக்குத் தனி அறையா அல்லது குழந்தையோடு பகிர்வதா என்பதை முதலாளி நிரப்ப வேண்டும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தையோடு ஒரே அறை என்றால் இரவு விழிப்பும் உங்கள் தலையில்தான். நீங்களே கார் ஓட்டிக் குழந்தையைக் கொண்டுபோய் விடச் சொன்னால், குடிவரவுத் துறையின் தனி அனுமதி வேண்டும். வேலை முறிந்தால் இரண்டு வாரத்துக்குள், அல்லது விசா அதற்கு முன் முடிந்தால் அன்றே, வெளியேற வேண்டும். துன்புறுத்தலுக்கு ஆதாரம் இருந்தால் விதிவிலக்கு கிடைக்கலாம். எத்தனை ஆண்டு உழைத்தாலும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை இல்லை என்று 2013-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவிட்டது.

எங்கள் கருத்து இது. 27 வயதுக்குள், கடன் இல்லாமல், படிப்போடு சேர்த்து யோசிப்பவருக்கு ஜெர்மனி. பணம் குறைவுதான், ஆனால் ஓய்வு நேரம் அதிகம், மொழியும் கைக்கு வரும். கார் ஓட்டத் தெரிந்து, சான்றோடு அனுபவமும் உள்ளவருக்கு அமெரிக்கா. வீட்டுக்குப் பணம் அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஓ-பேர் வழியே வேண்டாம், 280 யூரோவில் அது நடக்காது. அப்படிப்பட்டவருக்குச் சிங்கப்பூரைவிட ஹாங்காங்கை முன்னால் வைப்போம். சம்பளத்துக்குத் தரை இருக்கிறது, கமிஷனுக்கான கூரையும் சிங்கப்பூரைவிடத் தாழ்வாக இருக்கிறது.

எந்த நாடானாலும் ஊரிலேயே ஏஜென்ட் கொடுக்கும் 'முன்பணம்' சம்பளத்தில் எத்தனை மாதம் பிடிக்கப்படும் என்று எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இணையத்தில் மட்டும் அறிமுகமான குடும்பம் விசாக் கட்டணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலும் அதேதான். வீடியோ அழைப்பில் குழந்தைகளையும் நீங்கள் தூங்கப்போகும் அறையையும் காட்டச் சொல்லுங்கள். முன்பு அந்த வீட்டில் இருந்தவரின் எண்ணையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அடுத்த குடும்பத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும், ஒப்பந்தத்தின் படம் உங்கள் போனிலும் ஊரில் ஒருவரின் போனிலும் இருக்கட்டும்.