இந்தியாவுக்குக் கல்விச் சுற்றுலா போகும் திருகோணமலை மாணவர்கள் கவனத்துக்கு

தமிழ்நாட்டுக்குக் கல்விச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் குழுக்கள் முற்பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள். எங்கள் வரலாற்று மாணவர் குழுவை அனுப்பிய முகவரின் அலுவலகம் நகரத்துக்குள்தான் இருக்கிறது. பெயர் போடவில்லை.

செலவுப் பட்டியலில் மாமல்லபுரத்துக்கு மட்டும் ஆளுக்கு 1,200 இந்திய ரூபாய் போட்டிருந்தார். கடற்கரைக் கோயிலுக்கு 600, ஐந்து ரதங்களுக்கு 600. அங்கே சீட்டுக் கவுண்டருக்குப் போனால், 600 என்பது மற்ற வெளிநாட்டவருக்கான கட்டணம். இந்தியர்களுக்கும் சார்க், பிம்ஸ்டெக் என்ற பிராந்திய அமைப்புகளின் நாட்டவருக்கும் வெறும் 40 ரூபாய். இலங்கை இரண்டு அமைப்பிலும் இருக்கிறது, கடவுச்சீட்டைக் காட்டினால் சரி. அந்த ஒரே சீட்டில் இரண்டு இடத்தையும் பார்க்கலாம்! அதே ஊரின் அருச்சுனன் தபசு என்ற பாறைச் சிற்பம் தெருவோரத்தில் திறந்தவெளியாகவே நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. பட்டியலில் அதற்கும் ஒரு தொகை இருந்தது.

காசை விட எரிச்சலானது சென்னை எழும்பூர் அருங்காட்சியகம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்ததே. முகவர் அதை வெள்ளிக்கிழமையில் போட்டிருந்தார். அங்கே வெள்ளி வார விடுமுறை. பூட்டிய கேட்டோடு திரும்பினோம். அப்புறம் வழிகாட்டி எங்களைத் தி.நகர்த் துணிக்கடை ஒன்றில் இறக்கிவிட்டு, மாலைவரை அசையவில்லை. அவருக்கு அங்கே கமிஷன் என்றுதான் நினைக்கிறேன். கூட வந்த ஆசிரியைக்கு நல்ல சேலை கிடைத்தது, அது வேறு.

ஊருக்கு வந்து கணக்குக் கேட்டோம். “அது பக்கேஜ் தம்பி, பிரிச்சுப் பார்க்க ஏலாது” என்றார். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இலக்கத்தைக் கேட்டதும் போன் வந்துவிட்டது அவருக்கு. பற்றுச்சீட்டிலும் மொத்தத் தொகை மட்டுமே எழுதியிருந்ததால் முறைப்பாட்டுக்குப் பிடி கிடைக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு இடத்தின் கட்டணத்தையும் நாளையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். விசாவுக்கு இந்திய அரசின் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதன் முகவரி ‘கவ் டாட் இன்’ என்று முடியும். அதே சாயலில் ‘டாட் கொம்’ தளங்கள் நிறைய உண்டு, கூடுதல் காசு பிடுங்குவார்கள். அதே முகவர் இப்போது மூதூர், கிண்ணியாப் பக்கம் அடுத்த குழுவுக்கு ஆள் சேர்ப்பதாகக் கேள்வி. அங்கே தெரிந்த மாணவர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள்.